கேமராவுக்கு நம்பகமான மெமரி கார்டு: வாங்குவது, சோதிப்பது, பேணுவது

கேமரா வாங்கும்போது பாடியையும் லென்ஸையும் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். மெமரி கார்டு என்று வரும்போது மட்டும் "அதுவும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லி முடித்துவிடுகிறோம். எடுத்த படங்கள் அத்தனையும் கணினிக்குப் போய்ச் சேரும்வரை இருக்கப்போவது அந்தச் சின்ன அட்டையில்தான். லென்ஸ் சுமாராக இருந்தால் படம் சுமாராக வரும். கார்டு மோசமாக இருந்தால் படமே இருக்காது.

விலை கூடிய கார்டை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. கேமரா பயன்படுத்திக்கொள்ள முடியாத வேகத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. நல்ல பெயர் அச்சிட்ட போலியை முழு விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. கேமராவின் தேவையை அறிவது, அசலை வாங்குவது, முதல் படம் எடுக்கும் முன்பே முழுக் கார்டையும் சோதிப்பது என்ற வரிசையில் போனால் இரண்டு தொல்லையும் இல்லை.

கேமரா எதை ஏற்கும்?

கேமராவின் கையேட்டில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். தொழில்நுட்ப விவரப் பட்டியலில் 'ரெக்கார்டிங் மீடியா' என்றொரு வரி இருக்கும். எந்த வகைக் கார்டு, எந்தத் தலைமுறை வரை, கார்டும் கேமராவும் பேசிக்கொள்ளும் இணைப்பு யுஎச்எஸ்-1 வகையா, அதைவிட வேகமான யுஎச்எஸ்-2 வகையா என்று குறித்துக்கொள்ளுங்கள். கையேடு தொலைந்திருந்தால் மாடல் பெயரைத் தேடினாலே தயாரிப்பாளரின் தளத்தில் பிடிஎஃப் கிடைக்கும்.

பெரும்பாலான கேமராக்கள் கேட்பது எஸ்டி கார்டு. 32 மிமீ நீளம், 24 மிமீ அகலம், 2.1 மிமீ தடிமன், ஒரு மூலை வெட்டிய வடிவம். சான்டிஸ்க், மட்சுஷிடா (இன்றைய பானாசோனிக்), தோஷிபா மூன்றும் சேர்ந்து 1999-இல் அறிவித்த இந்த அளவு இன்றும் அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பதுதான் தலைமுறை தலைமுறையாக மாறியது. வெறும் எஸ்டி என்றால் 2 ஜிபி வரை; 2006-இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை; 2009-இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை. புதிய கேமராவில் பழைய கார்டு வேலை செய்யும், பழைய கேமராவில் புதிய தலைமுறைக் கார்டு வேலை செய்யாது. செகண்ட் ஹேண்டில் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். எஸ்டிஎச்சி மட்டுமே ஏற்கும் கேமராவில் 64 ஜிபி கார்டைப் போட்டால் ஒன்று ஏற்காது, அல்லது ஃபார்மட் செய்யச் சொல்லும். அதற்குச் சம்மதித்து ஏமாறாதீர்கள். அந்தக் கேமராவுக்கு 32 ஜிபி கார்டை வாங்குவதே சரி.

இன்னொரு வேறுபாடு: 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட்32 முறையில் கோப்புகளை வைக்கின்றன. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் நீளமான வீடியோவைக் கேமரா துண்டு துண்டாகச் சேமிக்கும். 64 ஜிபி முதல் எக்ஸ்ஃபேட். அதில் அந்த வரம்பு இல்லை.

விலை உயர்ந்த கேமராக்களில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேறு குடும்பம் வருகிறது. 'டைப் ஏ' சிறியது, 'டைப் பி' பெரியது; ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. 2020-இல் வந்த சோனி ஏ7எஸ் 3-இல் டைப் ஏ கார்டும் எஸ்டி கார்டும் ஒரே ஸ்லாட்டில் பொருந்தும். அதே ஆண்டின் கேனன் ஆர்5-இல் ஒரு ஸ்லாட் டைப் பி, மற்றொன்று எஸ்டி. 2018-இன் நிகான் இசட்6, இசட்7 இரண்டும் எக்ஸ்க்யூடி என்ற பழைய வகைக் கார்டுக்கான ஸ்லாட்டோடு வந்தன. பிறகு ஃபர்ம்வேரை, அதாவது கேமராவின் உள் மென்பொருளை, புதுப்பித்தால் அதே அளவுள்ள டைப் பி கார்டையும் ஏற்கும்படி செய்தார்கள். பெட்டியில் வெறுமனே 'சிஎஃப்எக்ஸ்பிரஸ்' என்று இருப்பதைப் பார்த்து வாங்காமல், பக்கத்திலுள்ள எழுத்தையும் பாருங்கள்.

கைபேசிக்கு வாங்கிய மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் செருகிக் கேமராவில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் கார்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் இன்னொரு வரிசைத் தொடுமுனைகள் சேருகின்றன. அடாப்டர் தளர்ந்தால் எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு விட்டுப்போகும். ஆக்‌ஷன் கேமரா, ட்ரோன் இவற்றுக்கு மைக்ரோ எஸ்டி வாங்குங்கள். முழு அளவு ஸ்லாட் உள்ள கேமராவுக்கு முழு அளவுக் கார்டையே வாங்குங்கள்.

கார்டின் முகத்தைப் படிப்பது

ஒரு எஸ்டி கார்டின் முன்பக்கத்தில் ஐந்தாறு குறிகள் நெருக்கியடித்து நிற்கும். எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரியும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதாவது கார்டிலிருந்து கணினிக்கு நகலெடுக்கும்போது எட்டக்கூடிய உச்சம். படம் எடுக்கும்போது நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அது சிறிய எழுத்தில் பெட்டியின் பின்பக்கத்திலோ, தயாரிப்பாளரின் தளத்திலோ இருக்கும். சில கார்டுகளில் சொல்லவே மாட்டார்கள். கிங்ஸ்டன் கேன்வாஸ் கோ பிளஸ் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு எண் நொடிக்கு 170 எம்பி. 64 ஜிபி கார்டின் எழுதும் வேகம் 70 எம்பி வரை, 128 ஜிபியில் 90 எம்பி வரை. ஒரே பெயர், ஒரே வண்ணம். கொள்ளளவு மாறினால் எழுதும் வேகமும் மாறுகிறது. ஆகவே மதிப்புரை படிக்கும்போது எந்த ஜிபியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

'வரை' என்று சொல்லும் எண்கள் உச்ச வேகம். அதற்குக் கீழே எவ்வளவு இறங்கும் என்பதற்கு உத்தரவாதம் தருபவை வேறு குறிகள். வட்டத்துக்குள் 10 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்குக் குறைந்தது 10 எம்பி. ஆங்கில யு எழுத்துக்குள் 1 என்றாலும் அதே 10. யு எழுத்துக்குள் 3 என்றால் 30. வி என்று தொடங்கும் குறி மிகத் தெளிவானது: வி30 என்றால் 30 எம்பி, வி60 என்றால் 60, வி90 என்றால் 90. ஏ1, ஏ2 என்ற குறிகள் கைபேசியில் செயலிகளை ஓட்டுவதற்கானவை; கேமராவுக்குப் பயனில்லை.

ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு கோடுகள் நிற்பது இணைப்பின் வகை. ஒரு கோடு யுஎச்எஸ்-1, இரண்டு கோடுகள் யுஎச்எஸ்-2. கார்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும்: யுஎச்எஸ்-1 கார்டில் தங்க நிறத் தொடுமுனைகள் ஒரு வரிசை, யுஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இன்னொரு வரிசை. யுஎச்எஸ்-1 இணைப்பின் உச்சம் நொடிக்கு 104 எம்பி, யுஎச்எஸ்-2-இன் உச்சம் 312 எம்பி.

104 தான் உச்சம் என்றால் யுஎச்எஸ்-1 கார்டில் 170, 200 என்று எப்படிப் போடுகிறார்கள்? தயாரிப்பாளர்கள் தரநிலைக்கு வெளியே தங்களுடைய வழியில் அந்த வேகத்தைக் கொண்டுவருகிறார்கள். அதற்கு ஈடுகொடுக்கும் கார்டு ரீடர் இருந்தால்தான் அது கிடைக்கும். கேமராவுக்குள் அந்தக் கார்டும் 104-க்குள்தான் ஓடும். அதேபோல யுஎச்எஸ்-1 மட்டுமே உள்ள சோனி இசட்வி-ஈ10 போன்ற கேமராவில் யுஎச்எஸ்-2 கார்டைப் போட்டால் முதல் வரிசைத் தொடுமுனைகள் மட்டும் வேலை செய்யும். படம் பதியும், கெடுதல் இல்லை; கொடுத்த கூடுதல் பணத்துக்குக் கேமராவில் பலன் இருக்காது.

வேகம் எங்கே கைகொடுக்கிறது?

ஒவ்வொரு படமாக நிதானித்து எடுப்பவருக்கு வி30 கார்டே தாராளம். வேகத்தின் அருமை தொடர்ச்சியாக எடுக்கும்போதுதான் தெரியும்.

முகூர்த்த மேடையில் கெட்டிமேளம் முழங்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், அட்சதை நாலா பக்கமிருந்தும் விழுகிறது, முதல் முடிச்சு. ஷட்டரை அழுத்திப் பிடிக்கிறீர்கள். கேமரா அந்தப் படங்களை நேராகக் கார்டில் எழுதுவதில்லை. பஃபர் என்ற தன் உள் நினைவகத்தில் முதலில் நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து கார்டுக்குத் தள்ளுகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படம்) ஏறக்குறைய 28 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 40 படங்களுக்கு 1120 எம்பி. கார்டு நொடிக்கு 35 எம்பி எழுதினால் பஃபர் காலியாக 32 நொடி ஆகும். 80 எம்பி என்றால் 14 நொடி. யுஎச்எஸ்-2 கேமராவும் கார்டும் சேர்ந்து 200 எம்பி எழுதினால் ஆறு நொடிக்குள் முடிந்துவிடும். முதல் முடிச்சிலேயே பஃபர் நிறைந்துவிட்டால் கேமரா திணறும்; மெதுவான கார்டு வைத்திருப்பவர் மூன்றாம் முடிச்சுக்கு ஒரு படம், இரண்டு படம் என்று பிச்சுப் பிச்சுத்தான் எடுக்க முடியும்.

பஃபரின் நிலையைக் கேமராவே காட்டும். நிகான் டிஎஸ்எல்ஆர்களில் ஷட்டரைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் 'ஆர்' எழுத்தோடு ஓர் எண் தெரியும். இன்னும் எத்தனை படங்களுக்கு இடம் இருக்கிறது என்று பொருள். கேனனில் பஃபர் நிறைந்ததும் 'பிஸி' என்று வரும். வாங்க நினைக்கும் கார்டு நண்பரிடம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம்: ரா முறையில் வைத்து, கேமரா திணறும்வரை ஷட்டரைப் பிடித்துவிட்டு, கையை எடுத்ததிலிருந்து கார்டு விளக்கு அணையும்வரை கைபேசியில் நேரம் பாருங்கள். உங்கள் கேமராவைப் பொறுத்தவரை எந்த விளம்பர எண்ணையும்விட அந்த நேரம் உண்மையானது.

வீடியோவுக்குக் கணக்கு எளிது. கேமராவின் மெனுவில் வீடியோத் தரம் மெகாபிட்டில் இருக்கும். கார்டின் வேகம் மெகாபைட்டில் இருக்கும். எட்டால் வகுத்துவிடுங்கள். 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு நொடிக்கு 12.5 எம்பிதான் தேவை. வி30 கார்டுக்கு அது ஒரு சுமையே இல்லை. 200 மெகாபிட் என்றால் 25 எம்பி, வி30-இன் எல்லைக்கு அருகில். 400 மெகாபிட் என்றால் 50 எம்பி, வி60 வேண்டும். சோனி ஏ7எஸ் 3-இல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் முறையில் 600 மெகாபிட். 75 எம்பி ஆகிறது, அதற்கு வி90. கேனன் ஆர்5-இன் 8கே ரா 2600 மெகாபிட், அதாவது 325 எம்பி. யுஎச்எஸ்-2-இன் உச்சமே 312 என்பதால்தான் அதை எஸ்டி கார்டில் பதிவு செய்ய முடிவதில்லை. வேகம் போதாத கார்டில் வீடியோ எடுத்தால் பதிவு தொடங்கிய சில நொடிகளிலேயே தானாக நின்றுவிடும், அல்லது சில நிமிடங்கள் ஓடியபிறகு நிற்கும். சில நேரம் ஓடி நிற்பதுதான் ஆபத்து, ஏனென்றால் வீட்டில் பத்து நொடி எடுத்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். எனவே சோதிக்கும்போது குறைந்தது அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

எத்தனை ஜிபி, எத்தனை கார்டு?

100 மெகாபிட் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். 64 ஜிபி கார்டில் ஏறத்தாழ 85 நிமிடம் வரும். மேலே சொன்ன 28 எம்பி ரா கோப்பென்றால் 64 ஜிபியில் சுமார் 2200 படங்கள். இந்தக் கணக்கை உங்கள் கேமராவின் எண்களோடு போட்டுப் பார்த்தால் தேவை தெரிந்துவிடும்.

ஒரே ஸ்லாட் உள்ள கேமராவுக்கு ஒரு 128 ஜிபி கார்டைவிட இரண்டு 64 ஜிபி கார்டுகளே நல்லது. ஒன்று கெட்டால் பாதியாவது பிழைக்கும். அதற்காக எட்டு ஜிபிக் கார்டுகளை வரிசையாக வாங்கவும் வேண்டாம். அடிக்கடி மாற்றும்போதுதான் கார்டுகள் தொலைகின்றன, ஸ்லாட்டும் தேய்கிறது. இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே அளவு, ஒரே வேகமுள்ள இரண்டு கார்டுகளை வாங்கி, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும் பேக்கப் முறையில் வையுங்கள். திருமணம் போலத் திரும்ப எடுக்க முடியாத வேலைக்கு இதைவிட நல்ல காப்பீடு கேமராவுக்குள் வேறு இல்லை. அந்த முறையில் இரண்டில் மெதுவான கார்டின் வேகமே மொத்த வேகம் என்பது நினைவிருக்கட்டும்.

எந்த கம்பெனி, எங்கே வாங்குவது?

சான்டிஸ்க், சோனி, கிங்ஸ்டன், சாம்சங், லெக்சார், டிரான்சென்ட், புரோகிரேட் ஆகியவை கேமராக்காரர்கள் வழக்கமாக வாங்கும் பெயர்கள். பழைய மதிப்புரைகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லெக்சாரை நடத்திவந்த மைக்ரான் 2017-இல் அந்தத் தொழிலிலிருந்து விலகியது, பெயரைச் சீனாவின் லாங்சிஸ் வாங்கியது. அதனால் 2017-க்கு முந்தைய லெக்சார் அனுபவம், நல்லதோ கெட்டதோ, இன்றைய கார்டுக்குப் பொருந்தாது. இந்தப் பெயர்களுக்குள் எது சிறந்தது என்று அடித்துக்கொள்வதில் பெரிய பலன் இல்லை. அசலா போலியா என்பதுதான் இதைவிடப் பல மடங்கு முக்கியமான கேள்வி.

அதிகம் விற்கும் பெயர்களையே அதிகமாகப் போலி செய்கிறார்கள். போலியில் இரண்டு வகை. முதல் வகையில் உள்ளே இருப்பது 8 ஜிபி சிப். ஆனால் கார்டின் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி எழுதி, கேட்பவரிடமெல்லாம் '128 ஜிபி' என்று சொல்ல வைத்திருப்பார்கள். கேமராவும் கணினியும் அதை நம்பும். 8 ஜிபி நிறையும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குமேல் வரும் படங்கள் பழைய படங்களின் மேல் எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். கோப்புப் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் இருப்பதால் பெயர்கள் மட்டும் பத்திரமாகத் தெரியும். திறந்தால் பாதிப் படத்துக்குக் கீழே சாம்பல் நிறம், இல்லையென்றால் திறக்கவே திறக்காது. இரண்டாவது வகை அந்த அளவு கண்ணில் படாது: கொள்ளளவு உண்மையானதே, மெதுவான மலிவுக் கார்டின் மேல் வேகமான கார்டின் முகத்தை அச்சிட்டிருப்பார்கள்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை சில. இந்தியாவில் இறக்குமதியாகும் பெட்டியின் மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் சேவை விவரம் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். பொட்டலப் பொருள் விதிகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. பெட்டி இல்லாமல் பிளாஸ்டிக் உறையில் வரும் கார்டு, எழுத்துப் பிழை உள்ள அட்டை, மங்கலான அல்லது கோணலான அச்சு, சந்தை விலையில் பாதி விலை ஆகிய எதுவும் வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், ஜிஎஸ்டி பில்லில் கார்டின் முழுப் பெயரும் கொள்ளளவும் இருக்கும்படி கேளுங்கள். இணையத்தில் வாங்கினால் தளத்தின் பெயரைவிட விற்பவரின் பெயர் முக்கியம். தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரா என்று பாருங்கள்; திருப்பி அனுப்ப எத்தனை நாள் தருகிறார்கள் என்றும் பாருங்கள். சோதனையை அந்த நாட்களுக்குள் முடித்தாக வேண்டும்.

வாரண்டி பற்றி ஒரு வார்த்தை. 'வாழ்நாள் வாரண்டி' என்றாலும் அவர்கள் மாற்றித் தருவது கார்டை மட்டுமே. உள்ளே இருந்த படங்களுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

முதல் நாள் சோதனை

வேகமான கார்டு ரீடர் ஒன்று வேண்டும். பழைய யுஎஸ்பி 2 ரீடரில் 64 ஜிபியை எழுதி முடிக்கவே ஒரு மணி நேரம் போகும். வேகம் பற்றியும் ஒன்றும் தெரியாது. யுஎஸ்பி 3 ரீடரில், நொடிக்கு 80 எம்பி எழுதும் கார்டென்றால் பதிமூன்று, பதினான்கு நிமிடம்.

விண்டோஸ் கணினிக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலி போதும். ஜெர்மன் மொழியில் திறக்கும். மேலே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கார்டு காலியாக இருக்க வேண்டும். இலக்காகக் கார்டின் டிரைவைத் தேர்ந்தெடுத்து, முழு இடத்தையும் சோதிக்கும்படி வைத்து, எழுதிச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். அது ஒவ்வொரு ஜிபி அளவுள்ள கோப்புகளாகக் கார்டை நிரப்பும்; பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். தொடக்கத்தில் 'மொத்தத்தில் இத்தனை எம்பி மட்டுமே சோதிக்கப்படும்' என்று ஓர் எச்சரிக்கை வந்தால், அந்த இரண்டு எண்களுக்கும் வேறுபாடு ஒன்றிரண்டு எம்பிதான் என்றால் கவலை வேண்டாம், தொடருங்கள். முடிவில் பச்சையாகப் பிழையில்லை என்று வந்தால் கொள்ளளவு உண்மை. சிவப்பாக வந்தால், இன்னொரு ரீடரில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, அதிலும் சிவப்பு என்றால் கார்டைத் திருப்பிக் கொடுங்கள்.

லினக்ஸிலும் மேக்கிலும் இதே வேலையை எஃப்3 செய்கிறது. எஃப்3ரைட் கட்டளை எழுதும், எஃப்3ரீட் கட்டளை படித்துச் சரிபார்க்கும். இழந்த தரவு என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும்.

இரண்டு செயலிகளும் எழுதும் வேகத்தையும் காட்டும். இரண்டாம் வகைப் போலி பிடிபடுவது இங்கேதான். வி30 என்று முகத்தில் போட்டிருக்கும் கார்டு, நல்ல ரீடரில் நொடிக்கு 15 எம்பி மட்டும் எழுதினால் கொள்ளளவு சரியாக இருந்தாலும் அது வேண்டாம்.

64 ஜிபி கார்டு விண்டோஸில் 59 ஜிபிக்கு அருகில் தெரிவதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று பதறுகிறவர்கள் உண்டு. தயாரிப்பாளர் 1000-இன் மடங்குகளில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. 32 ஜிபி 29 ஆகவும் 128 ஜிபி 119 ஆகவும் தெரிவது இயல்பு.

சோதனை முடிந்ததும் கார்டைக் கேமராவில் போட்டு ஃபார்மட் செய்யுங்கள். சோதனைக் கோப்புகளும் போய்விடும், கேமராவுக்கு வேண்டிய கோப்புறைகளும் உருவாகிவிடும்.

அன்றாடப் பழக்கம்

ஃபார்மட் எப்போதும் கேமராவில்தான். கணினியில் விண்டோஸ் கொண்டு ஃபார்மட் செய்தால் கோப்பு முறையின் அமைப்பு எஸ்டி தரநிலையோடு ஒத்துப்போகாமல் போகலாம். கேமராவே ஏற்க மறுக்கும் கார்டுக்கு, எஸ்டி சங்கம் இலவசமாகத் தரும் எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டரைப் பயன்படுத்தி, பிறகு மறுபடியும் கேமராவில் ஃபார்மட் செய்யுங்கள். படங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக அழித்து இடம் சேர்க்கும் பழக்கம் வேண்டாம். வி30 போன்ற உத்தரவாதம் தொடர்ச்சியான காலி இடத்துக்குத்தான்; துண்டு துண்டான இடத்தில் அந்த வேகம் கிடைக்காது. படங்களை இரண்டு இடத்தில் நகலெடுத்து, எண்ணிக்கை சரிபார்த்து, நாலைந்து படங்களைத் திறந்தும் பார்த்தபிறகே ஃபார்மட்.

கார்டு விளக்கு எரியும்போது கார்டுக் கதவைத் திறக்காதீர்கள், பேட்டரியைக் கழற்றாதீர்கள். கோப்புப் பட்டியல் பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் போனால் ஒரு படம் மட்டும் போகாது, பட்டியலே சிதையும். பேட்டரி கடைசிக் கோட்டில் இருக்கும்போது நீண்ட வீடியோ எடுப்பதும் இதே ஆபத்துதான்.

எஸ்டி கார்டின் ஓரத்தில் நகரும் சிறிய பூட்டு வெறும் பிளாஸ்டிக் துண்டு. அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பது ஸ்லாட்டில் உள்ள ஒரு சிறு நெம்புகோல். பூட்டு தளர்ந்துவிட்டால் கார்டைச் செருகும்போதே அது பின்னால் தள்ளப்பட்டு, 'கார்டு பூட்டப்பட்டுள்ளது' என்று வரும். மேல்நோக்கித் தள்ளி ஒரு மெல்லிய டேப்பை ஒட்டினால் அன்றைய வேலை முடியும். அந்தக் கார்டை அடுத்த வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள், டேப்பே ஸ்லாட்டுக்குள் உரிந்து மாட்டிக்கொள்ளும். பூட்டும், தொடுமுனைகளுக்கு நடுவில் உள்ள மெல்லிய தடுப்புகளும்தான் சாதாரண எஸ்டி கார்டில் முதலில் உடைபவை. சோனியின் டஃப் வரிசையில் இரண்டுமே கிடையாது. கார்டு ஒரே வார்ப்பு. கார்டை அடிக்கடி கழற்றி மாட்டுபவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை தகும்.

கார்டுகளைச் சட்டைப் பையில் சில்லறையோடு போடாமல் டப்பாவில் வையுங்கள். காலியானவை முகம் மேலே, நிறைந்தவை முகம் கீழே என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டால் அவசரத்தில் நிறைந்த கார்டை ஃபார்மட் செய்யும் விபத்து நேராது. ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எண் எழுதுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். கார்டில் படங்களை வருடக்கணக்கில் சேர்த்து வைப்பதும் கூடாது. ஃபிளாஷ் நினைவகம் தரவை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது, அது மெல்ல மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் விரைவாகக் கசியும்.

கோளாறு வந்தால்

'கார்டு எரர்' என்று வந்ததும் பலர் செய்வது, கேமரா கேட்கும் ஃபார்மட்டுக்குச் சம்மதிப்பது. அதைச் செய்யாதீர்கள். கேமராவை அணைத்து, கார்டை எடுத்து, தொடுமுனைகளைப் பஞ்சு பிசிறாத உலர்ந்த துணியால் துடைத்து ஒருமுறை மட்டும் மீண்டும் செருகிப் பாருங்கள். மறுபடியும் அதே பிழை வந்தால் கார்டை எடுத்து வைத்துவிட்டு, வேறு கார்டில் வேலையைத் தொடருங்கள். அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எழுதக் கூடாது. புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு பைட்டும் மீட்கக்கூடிய ஏதோ ஒன்றை அழிக்கும்.

வீட்டுக்கு வந்து ரீடரில் போடுங்கள். விண்டோஸ் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்டாலும், 'பிழையைச் சரி செய்யட்டுமா' என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தவறுதலாக அழித்த படங்களுக்கும் சிதைந்த பட்டியலுக்கும் ஃபோட்டோரெக் என்ற இலவசச் செயலி நன்றாகவே உதவும். அது கோப்புப் பட்டியலைப் பார்க்காமல், கார்டின் முழுப் பரப்பிலும் படக் கோப்புகளின் தொடக்க அடையாளங்களைத் தேடி எடுக்கிறது. அதனால் பழைய பெயர்கள் திரும்ப வராது, படங்கள் வரும். மீட்ட கோப்புகளைச் சேமிக்க வேண்டிய இடம் கணினியின் வட்டு, அதே கார்டு அல்ல. எந்த ரீடரிலும், எந்தக் கணினியிலும் கார்டு தெரியவே இல்லை என்றால் பழுது கட்டுப்பாட்டுச் சிப்பில் இருக்கலாம். அதற்குச் செயலி உதவாது; தரவு மீட்பு ஆய்வகம்தான் வழி, செலவும் பெரியது.

படங்கள் மீண்டுவிட்டால் கார்டுக்கு முழு அளவு சோதனையை மறுபடி ஓட்டுங்கள். தேறாவிட்டால் வாரண்டிக்கு அனுப்புங்கள். தேறினாலும் காரணம் புலப்படாத பிழை ஒன்றுக்கு இரண்டாவது வாய்ப்பைப் பணம் வாங்கிச் செய்யும் வேலையில் கொடுக்காதீர்கள். கோளாறு கார்டில் இல்லை, ஸ்லாட்டிலோ ரீடரிலோ இருக்கிறது என்பதற்கு அடையாளம், வேறு நல்ல கார்டிலும் அதே பிழை வருவது. அப்போது கேமராவைச் சேவை மையத்துக்கு எடுத்துப் போகும்போது கார்டையும் கூடவே எடுத்துப் போங்கள். படங்களை முதலில் நகலெடுத்துவிட்டு.